நான்கு பெட்டியும் ஒரு காதும்

எனக்கு இடது காது கேட்காது. ஐந்து வயதில் சீழ் வடிந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து விட்டார்கள், வீட்டில் பூண்டு எண்ணெய் காய்ச்சி விட்டார்கள், கடைசியில் சீழும் நின்றது, கேட்பதும் நின்றது. அதை நான் பெரிய குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை. பாட்டு கேட்டது, திட்டு கேட்டது, சாப்பிடக் கூப்பிட்டால் கேட்டது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன கேட்க வேண்டும்? யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் நான் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் திரும்புவேன். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை எல்லோருமே கண்ணால் தேடித்தான் கண்டுபிடிக்கிறார்கள், நான் அதில் கொஞ்சம் மந்தம் என்றுதான் இருபத்தேழு வயது வரைக்கும் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பைக் கெடுத்தது ஓர் ஆங்கிலப் பாட்டுத் தட்டு.

எழுபதுகளின் கடைசி அது. இலங்கை மலைநாட்டில் வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மூன்று மைல் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் நான் இலெக்ட்ரீசியனுக்குக் கையாளாக இருந்தேன். இலெக்ட்ரீசியனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு தலைமன்னாருக்கு ரயில் ஏறி, அங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்கு, தான் ஒருநாளும் பார்த்திராத சொந்த ஊருக்குப் போகப் போகிறார். அவர் போனால் அந்த வேலை எனக்கு வரலாம். வேலையோடு ஒரு வீடும் வரும். இரண்டு அறை, தனிக் குசினி, வாசலில் குழாய், கூரையில் மின்சார விளக்கு. லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரே அறைக் காம்பராவில் அப்பா, அம்மா, தங்கை, நான், என் மனைவி, பிள்ளை என்று ஆறு பேர் இருந்தோம். மனைவி அடுத்ததைச் சுமந்துகொண்டிருந்தாள். பகல் முழுக்க மோட்டாருக்குக் கரண்டு கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து குப்பி லாம்பு கொளுத்துகிறவன் நான். அந்த வீட்டை நான் எவ்வளவு விரும்பினேன் என்று இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கும். வேலைக்குப் போகும் வழியில் தினமும் கொஞ்சம் சுற்றிப்போய் அதன் கதவைப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

வேலையை யாருக்குக் கொடுப்பது என்பது தோட்டத்தை நடத்துகிற துரையின் கையில் இருந்தது. இலெக்ட்ரீசியன் என் பெயரைச் சொல்லிவிட்டிருந்தார். துரை அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: பையனுக்குக் காது நல்ல காதா? மோட்டார் கெடுவதற்கு முன்னால் சத்தத்தில்தான் சொல்லும், பெல்ட் நழுவினாலும் அப்படித்தான், அதனால் காது இல்லாதவனை இயந்திரத்துக்குப் பக்கத்தில் விடக்கூடாது என்பது துரையின் கொள்கை. பாம்புக் காது என்று இலெக்ட்ரீசியன் சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு என் காது விஷயம் தெரியாது. என்னிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை, நானும் வலியப்போய்ச் சொல்லவில்லை.

துரை சிங்களவர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபிறகு வந்தவர், என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். கிருதாவைக் காது மடல் தாண்டி வளர்த்திருந்தார். நல்ல தமிழ் பேசுவார், துரைமார் எல்லோரும் பேசுகிற மாதிரி கட்டளைத் தமிழ். பங்களாவில் தனியாக இருந்தார். ஆங்கிலப் பாட்டு என்றால் உயிர். அவருடைய அண்ணன் கப்பலில் வேலை செய்தவர். அவர் ஜப்பானிலிருந்து ஒரு பாட்டுப் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒரு மெஷினும் நான்கு ஸ்பீக்கர் பெட்டியும். ஒவ்வொரு பெட்டியையும் தூக்க ஒரு ஆள் வேண்டும்.

துரை ஒரு கூட்டத்துக்குக் கொழும்பு போனபோது, சனிக்கிழமை, தான் திரும்புவதற்குள், அதை வயர் கொடுத்துப் பூட்டிப் பாடவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் நேரே சொல்லவில்லை. பங்களா சமையல்காரரிடம் சொல்லி, அவர் எனக்குச் சொன்னார். அவரை அப்பு என்றுதான் தோட்டமே கூப்பிடும். அப்பு சொன்னது இவ்வளவுதான்: சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் வருகிறார்கள், புல்தரையில் தேத்தண்ணி விருந்து, அதற்குள் நான்கு பெட்டியும் பாட வேண்டும்.

இங்கே என்னுடைய இன்னொரு தொழிலைச் சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் மாதா கோயில் திருநாளுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டுவது நான்தான். எங்கள் தோட்டத்தில் மைக் செட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. நான்கு குழாய் ஸ்பீக்கரைச் சவுக்கு மரத்து உச்சியில் நான்கு திசைக்கும் பார்க்கக் கட்ட வேண்டும். மேல் டிவிஷனுக்கு ஒன்று, கீழ் டிவிஷனுக்கு ஒன்று, தொழிற்சாலைப் பக்கம் ஒன்று, கடைவீதிப் பக்கம் ஒன்று. ஒரு லயத்துக்குக் கேட்காமல் போனால் அந்த லயத்து ஆட்கள் அடுத்த திருவிழா வரைக்கும் கோயில் தலைவரோடு பேச மாட்டார்கள். ஒரு தடவை ஒரு குழாய் பழுதாகி, அடிதடி வரைக்கும் போய், அடி வாங்கியது நான்.

அதனால் நான்கு பெட்டியைப் பார்த்ததும் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பங்களா விறாந்தையின் நான்கு மூலையிலும் மூலைக்கொன்றாகத் தூக்கி வைத்து, முகத்தை வெளியே திருப்பினேன். பெட்டியோடு ஒரு சிறு புத்தகம் வந்திருந்தது. அதில் ஒரு படம். நான்கு மூலையில் நான்கு பெட்டி, நடுவில் சோபாவில் ஒரு வெள்ளைக்காரன் சும்மா உட்கார்ந்திருந்தான். பெட்டியின் சொந்தக்காரனாக்கும், விளம்பரத்துக்குப் போட்ட படம் என்று புரட்டிவிட்டேன். ஒரே ஒரு ஆள் கேட்பதற்கு நான்கு பெட்டி வைப்பார்கள் என்று எங்கள் தோட்டத்தில் யாருக்குத்தான் தோன்றும்?

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதித்துப் பார்த்தேன். நான்கு பெட்டிக்கென்று வந்த தட்டு ஒன்றுதான் இருந்தது. அதைப் போட்டு, புல்தரை முழுவதும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன். அப்பு வெளியே நான்கு பக்கமும் நடந்து பார்த்து வந்து, முன்பக்கம் பாடுகிறான், மேளம் இல்லை என்றார். அந்தப் பக்கம் கிட்டார் மட்டும் வருகிறது, பாட்டு இல்லை என்றார். இன்னொரு மூலையில் ஏதோ ஹார்மோனியம் மாதிரி அழுகிறது என்றார். வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று பயந்து, தட்டை ஓடவிட்டபடியே மெஷினுக்குப் பின்னால் குனிந்து ஒவ்வொரு வயராகப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அதற்குள் தட்டில் மேளம் மட்டும் அடிக்கிற ஒரு கட்டம் வந்திருக்கிறது. அது நிற்கவே இல்லை, ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம். மேளம் முழுவதும் போனது ஒரே பெட்டிக்கு. அந்தப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது தொழிற்சாலையையும், அதற்குக் கீழே ஏழாம் நம்பர் மலையையும். அங்கே அன்றைக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, ஆள் கூப்பிடுவது தப்பு மேளம் அடித்துத்தான். வேலை நேரத்தில் தப்பு கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம், யாரோ செத்துப்போனார்கள். கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஏழாம் நம்பர் மலையில் இருந்தவர்கள் அப்படியே செய்தார்கள். கூடையைக் கழற்றி வைத்துவிட்டு லயத்துக்கு ஓடினார்கள். லயத்தில் இருந்தவர்கள் வாசலில் நின்றுகொண்டு, மலையில் யார் விழுந்தது என்று இவர்களைக் கேட்டார்கள். இரண்டு பக்கமும் இல்லை என்றானதும், சத்தம் பங்களாவிலிருந்து வருவதைக் கண்டுபிடித்து, துரைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டி மேலே ஏறினார்கள். ஒரு கிழவி வழியிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். யாருக்கென்று அப்புறம் தெரிந்துகொள்ளலாம், அழுகையைத் தள்ளிப்போட முடியுமா?

எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றவர் தப்பு அடிக்கிறவர். காலையில் பெரட்டுக்குத் தப்பு அடித்துவிட்டு, பகலில் தொழிற்சாலையில் கொழுந்து சுருட்டுகிற ரோலர் ஓட்டுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். தன் தப்பை யாரோ கேட்காமல் எடுத்து அடிக்கிறார்கள் என்ற கோபத்தில் கையில் கொழுந்துத் தூளோடு ஓடி வந்திருந்தார். பெட்டியைப் பார்த்தார். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார். கோபம் இறங்கிவிட்டது.

"நல்லாத்தான் அடிக்கிறான். ஆனா எளவு வீட்டு அடியும் இல்ல, கல்யாண அடியும் இல்ல. எதுக்கு அடிக்கிறான்னு அவனுக்கே தெரியல தம்பி," என்றார்.

நான் ஊசியைத் தூக்குவதற்கும் துரையின் ஜீப் வாசலில் திரும்புவதற்கும் சரியாக இருந்தது. புல்தரையில் அறுபது எழுபது பேர், பாதிப் பேர் அழுத முகத்தோடு. துரையை உயிரோடு பார்த்ததும் கிழவிக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், உள்ளே போனார். அன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் அரை நாள் கொழுந்து போய்விட்டது. பெட்டிகளை உள்ளே தூக்கி வைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன். வரும்போது அந்தக் கதவைப் பார்க்கச் சுற்றிப்போகவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பு ஆள் அனுப்பினார். திட்டு வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். பங்களாவின் பெரிய அறையில் தளபாடங்களை எல்லாம் ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். நான்கு மூலையிலும் நான்கு பெட்டி, முகம் உள்ளே பார்த்தபடி. நடுவில் ஒரே ஒரு நாற்காலி.

துரை கோபமாக இல்லை. முந்தின நாள் வந்த விருந்தாளிகள் ஒருவரும் பாட்டைக் கேட்கவில்லை, கொழுந்து விலையையே பேசிக்கொண்டிருந்தார்கள் என்று குறைப்பட்டார். இந்தப் பாட்டுகளைத் தான் கல்லூரியில் படிக்கும்போதிலிருந்து சாதாரணத் தட்டில் கேட்டு வருவதாகவும், அதே பாட்டை, அதே வாசிப்பை இப்போது நான்கு பக்கத்துக்கும் பிரித்து, புதிதாகக் கலந்து போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். இத்தனையும் சொல்ல அவருக்கு அந்த மலையில் வேறு ஆள் கிடைக்கவில்லை, மைக் செட்காரன் நான்தான் கிடைத்தேன். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபமாகவே இருந்தது.

"நீ நாலு பக்கமும் வெளியே அனுப்பிட்டே. இது அனுப்புற பாட்டு இல்ல. நாலு பக்கமிருந்து ஒரு ஆளுக்கு வர்ற பாட்டு. உக்காரு," என்றார்.

நாற்காலியைக் காட்டினார். துரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் பரம்பரையில் யாருக்கும் பழக்கமில்லை. நான் நுனியில் உட்கார்ந்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா, என் காலடியில் கம்பளத்தின்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். தேத்தண்ணித் தட்டம் கொண்டுவந்த அப்பு, நான் மேலேயும் துரை கீழேயும் இருப்பதைக் கண்டு, வந்த வழியே திரும்பிவிட்டார்.

பாட்டு தொடங்கியது. அது நன்றாகவே இருந்தது, அதை மறைக்கக்கூடாது. கிட்டார் கம்பியை இழுத்து இழுத்து அழவைத்தான் ஒருவன். அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி மேளம். ஆனால் எல்லாம் எனக்கு ஒரே இடத்திலிருந்து வந்தது, என் வலது காதின் வாசலிலிருந்து. சாதாரண ரேடியோவிலும் அப்படித்தானே வரும். இதற்கு எதற்கு நான்கு பெட்டி என்று யோசித்துக்கொண்டே துரையைப் பார்த்தேன்.

அவர் கண்ணை மூடியிருந்தார். சிகரெட் பிடித்த கை மட்டும் மெதுவாக நகர்ந்தது. முன் மூலையிலிருந்து வலது பக்கம், வலதிலிருந்து என் முதுகுக்குப் பின்னால், அப்புறம் இடது பக்கம். அறைக்குள் ஒரு வண்டு பறந்தால் விரலால் காட்டுவோமே, அப்படி. கிட்டார் நடக்கிறது பார், உன்னைச் சுற்றி நடக்கிறது என்றார். நான் முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் மூடிய கண்ணோடு அவர் விரல் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பெட்டியிடம்தான் போய் நின்றது. கண் இல்லாமலே அவருக்குத் தெரிகிறது. அப்படியானால் எல்லோருக்கும் தெரிகிறது. என் தங்கைக்கும், பெரட்டில் நிற்கிற ஒவ்வொருவருக்கும், அங்கே வாசலில் படுத்திருந்த நாய்க்கும்கூடத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. ஒரு காது குறைவு என்றுதான் இருபத்திரண்டு வருஷம் நினைத்திருந்தேன். திசையே இல்லாமல் இருந்திருக்கிறேன். 

அதே பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டார் துரை. இப்போது உன் முறை, கண்ணை மூடு, கிட்டார் எங்கே போகிறது என்று சொல்லு என்றார்.

நான் கண்ணை மூடினேன். பாதி மூடினேன் என்பதுதான் உண்மை. அவர் தன்னை மறந்து மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார், சிகரெட் நகர ஆரம்பித்தது. இமையின் கீழ் இடுக்கு வழியாக எனக்கு அந்த நெருப்பு நுனி தெரிந்தது. முன்னாலங்க என்றேன். இப்ப வலது பக்கம். இப்ப பின்னால போகுதுங்க. பின்னால போய் இந்தப் பக்கம் வருதுங்க. ஒன்றுகூடத் தவறவில்லை.

பாட்டு முடிந்ததும் அவர் என் முதுகில் தட்டினார்.

"நல்ல காது," என்றார். வேலை எனக்குத்தான், அடுத்த வாரம் கடிதம் தருவதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கடிதம் வருகிறது என்றதும் முகம் மலர்ந்தவள், திசை விஷயத்துக்கு வந்ததும் ஆச்சரியப்படவே இல்லை. அது அவளுக்குக் கல்யாணமான முதல் மாதத்திலேயே தெரியுமாம்.

"ஒங்களக் கூப்புட்டா ஒலகத்தையே சுத்திப் பாப்பீங்க, என்னத் தவுர. அதனாலதான் நான் எப்பயும் ஒங்க வலப்பக்கமாவே வாரேன்," என்றாள்.

எனக்குத் தெரியாது என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். துரையிடம் சொல்லிவிடும்படி சொன்னாள். ரோலருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் நிற்கிற வேலை, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் என்ன செய்வீர்கள் என்றாள். கடிதம் முதலில் வரட்டும், வீட்டுக்குள் போனதும் சொல்கிறேன் என்றேன். கடிதம் வந்தது. வீட்டுக்குள் போனோம். சுவிட்சைப் போட்டதும் அம்மா பல்பைப் பார்த்துக் கும்பிட்டாள். இரண்டாவது பிள்ளை அந்த வெளிச்சத்தில்தான் பிறந்தது. சொல்ல வேண்டும் என்று இருந்தேன், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன், அப்படியே விட்டுவிட்டேன்.

வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன். மோட்டார்மேல் கை வைத்தால் போதும், நடுக்கத்தில் கோளாறு தெரிந்துவிடும். துரையும் நான்கைந்து தடவை ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். நானும் சிகரெட்டைப் பார்த்துப் பார்த்து நல்ல ரசிகன் என்று பெயர் வாங்கினேன்.

மூன்றாம் வருஷம் அது நடந்தது. காலை பத்து மணி இருக்கும். ரோலிங் அறையில் ஆறு ரோலரும் ஓடிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றையும் நிறுத்துகிற சுவிட்சு அதனதன் பக்கத்திலேயே இருந்தது. நான் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நின்றேன். ஒரு அலறல் கேட்டது. என் பெயரும் அதில் இருந்தது. நிப்பாட்டு, நிப்பாட்டு என்று கத்தியதும் கேட்டது. குரல் யாருடையது என்றுகூடத் தெரிந்தது. தப்பு அடிக்கிற அண்ணன். அவர் வழக்கமாக ஓட்டுவது இரண்டாம் ரோலர், அது என் வலப்பக்கம். அந்தப் பக்கம் ஓடினேன். அங்கே அவர் இல்லை. அன்றைக்கு ஆள் குறைவென்று அவரை ஐந்தாம் ரோலருக்கு மாற்றியிருந்தார்கள். திரும்பினேன், இலை காயவைக்கும் அறைப் பக்கம் பார்த்தேன், வேறொருவன் கையை ஆட்டியதைக் கண்ட பிறகுதான் இடப்பக்கம் ஓடிப்போய் ஐந்தாம் ரோலரின் சுவிட்சை இழுத்தேன். மூச்சு ஒன்று இழுத்துவிடுகிற நேரம்தான். ரோலருக்கும் மேசைக்கும் நடுவில் அவருடைய இடது கை. இரண்டு விரல் போய்விட்டது.

தோட்டத்து லொறியில் போட்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுவதும் அவர் தலை என் மடியில் இருந்தது.

ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. எங்கள் தொழிற்சாலைகளுக்கெல்லாம் ஒரு காவல் தெய்வம் உண்டு, ரோதைமுனி. இயந்திரத்துக்குள் இருக்கிற முனி. வருஷத்துக்கு ஒரு தடவை சேவல் அறுத்துப் பூசை போட வேண்டும். அந்த வருஷம் ஏதோ காரணத்தால் பூசை தள்ளிப்போயிருந்தது. முனிக்குப் பசி, அதனால்தான் இரத்தம் கேட்டது என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அந்த வாரமே இரண்டு சேவல் அறுத்தார்கள். எல்லோரோடும் நின்று கையைக் கட்டிக்கொண்டு நானும் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டேன். முனியாவது எழுந்து, பசி எனக்கில்லை, இவனைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு ரோலருக்கு மேலேயும் ஒரு சிவப்பு பல்பு போட்டேன். ரோலரைச் சுற்றி இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு. யார் எந்தப் பக்கம் நின்றாலும் கயிறு கைக்கு எட்டும். இழுத்தால் அந்த ரோலருக்கு மேலே உள்ள பல்பு எரியும், அறையின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும். துரை வந்து பார்த்துவிட்டு, தானே ஒரு கயிற்றை இழுத்துப் பார்த்து, பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரையும் கூட்டிவந்து காட்டினார். சத்தத்துக்குள் சத்தம் கேட்காது, வெளிச்சம் என்றால் தப்பாது, நல்ல மூளை என்று என்னைப் பாராட்டினார்கள். மஸ்கெலியாப் பக்கமிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். யாருக்காக அந்தப் பல்பு என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணன் நான்கு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். தப்பை அவருடைய தம்பி எடுத்துக்கொண்டிருந்தான். குச்சி பிடிக்க விரல் வேண்டுமே. ரோலர் ஓட்ட மட்டும் மூன்று விரல் போதும் என்று சொல்லி அவரே வந்தார். தேத்தண்ணி நேரத்தில் இரண்டு கோப்பை பிளேன்டீயோடு என் பலகைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கயிற்றையும் பல்பையும் அண்ணாந்து பார்த்தார்.

"இது மொதல்லயே இருந்திருந்தா என் வெரலு எங்கிட்டயே இருந்திருக்கும் தம்பி. போகட்டும், அடுத்தவனுக்காவது ஒதவும். ஒனக்கு நல்ல மனசு," என்றார்.

நான் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தேன்.

"அண்ணே, அன்னைக்கி நீங்க கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சு. எந்தப் பக்கமின்னுதான் தெரியல. எனக்கு எடது காது கேக்காது. சின்னப் புள்ளையிலருந்தே கேக்காது," என்றேன்.

அவர் அந்தப் பல்பை மறுபடியும் அண்ணாந்து பார்த்தார்.

"தொரைக்குத் தெரியுமா?"

"தெரியாது. மறைச்சுத்தான் இந்த வேலைக்கு வந்தேன்."

அவர் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். என் கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் கழுவி வைத்தார். பிறகு ரோலருக்குப் போய்விட்டார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வீடு அன்றைக்கே போயிருக்கும், அது அவருக்கும் தெரியும். ஒரு சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஒரே அறையில் வேலை செய்தோம். அந்த ஏழு வருஷத்தில் ஒருநாளும் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. வாயைத் திறந்து கூப்பிடவே இல்லை. நான் வேண்டுமென்றால் கயிற்றை இழுப்பார். பல்பு எரியும். நான் போவேன். ஒரு தடவைகூடத் திசை தவறியதில்லை.